வந்து சேராவிட்டால் அழைக்க வேண்டிய எண்

“…நிறம் எழுதிக்கிட்டேன். வெள்ளை, வால்ல சிவப்புக் கோடு. உள்ள எத்தனை பேரு?”

“ஒருத்தி.”

“பெட்ரோல் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கு?”

“நாலு.”

“வந்து சேரலன்னா யாருக்குப் போன் பண்ணணும்?”

யோசிக்காமல் எண்ணைச் சொன்னேன். மறுமுனையில் பென்சில் சத்தம் நின்றது.

“வெர்னா, இது உங்க நம்பர்,” என்றார் டெல்பர்ட்.

“ஆமா.”

“நீங்க காணாமப் போயிட்டா, உங்களைக் காணோம்னு உங்களுக்கே போன் பண்ணிச் சொல்லணுமா?”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

“பழக்கதோஷம்,” என்றேன்.

“வேற யாரையாவது சொல்லுங்க.”

சுவரில் போனுக்குப் பக்கத்தில் நாள்காட்டி தொங்கியது. செப்டம்பர், எண்பத்தாறு. அதில் யாருடைய விமானத்துக்கு எப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று என் கையெழுத்தில் ஒன்பது பெயர்கள் இருந்தன. மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தேன்.

“இப்போதைக்கு அதையே வச்சுக்கங்க,” என்றேன். “சாயங்காலம் யோசிச்சுச் சொல்றேன்.”

டெல்பர்ட்டை நான் பார்த்ததில்லை. நூற்றிருபது மைல் தள்ளி, விமானிகளுக்கு வானிலை சொல்லும் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர். கிளம்பும் முன் அவரிடம் பாதையையும் போய்ச் சேரும் நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். சேர்ந்ததும் மறக்காமல் கூப்பிட்டு, வந்துவிட்டேன் என்று முடித்துவைக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு மேல் அரை மணி ஆகியும் தகவல் இல்லையென்றால், அவர் செய்கிற முதல் வேலை கொடுத்த எண்ணுக்குப் போன் போடுவது. எங்கள் ஊரான ஸ்ப்ரூஸ் பெண்டில் ஒன்பது விமானங்கள் உண்டு. ஒன்பது பேரும் கொடுக்கிற எண் என்னுடையது.

என் மேல் பாசம் என்று சொல்லிவிட முடியாது. ஆளுக்கொரு மரவீட்டில் தனியாக இருப்பவர்கள். பாதிப் பேர் வீட்டில் போன் கிடையாது. நானோ எந்நேரமும் ஷெட்டில், ஏதாவதொரு விமானத்தின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடப்பவள். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். போன் அடித்தால் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுப்பேன். டெல்பர்ட் பெயரைச் சொல்வார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பேன். ஓடுதளத்தின் ஓரத்தில் விமானங்களைக் கயிறு போட்டுக் கட்டுகிற இடங்கள் வரிசையாகத் தெரியும். கயிறு தரையில் கிடந்தால் ஆள் வரவில்லை. ஒருதடவை ராஸ்கோவின் விமானம் கட்டினபடியே நின்றது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால், கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

“எழுந்திரு, நீ தொலைஞ்சு போயிட்டியாம்,” என்றேன்.

“எங்க?” என்று கேட்டான்.

எல்லாத் தடவையும் இப்படி முடிந்ததில்லை.

என் விமானத்தை ஓர் ஆற்றங்கரையிலிருந்து துண்டு துண்டாக எடுத்து வந்தேன். இரண்டு இருக்கை, துணி போர்த்திய இறக்கை. அதைச் சேர்த்து நிமிர்த்த ஏழு வருஷம் ஆனது. மற்றவர்களின் வேலை முடிந்த பிறகுதானே அதைத் தொட முடியும். அந்தக் கோடையில் ஒருவழியாக ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றிப் பத்து மணி நேரம் பறந்து பார்த்தாயிற்று. அன்று முதல்முறையாக மலையைத் தாண்டிப் போர்ட் ஆல்டனுக்கு. அங்கே ஓடுதளத்தை ஒட்டி ஒரு கடையில் ஹாலிபட் மீன் சூப் கிடைக்கும். பன்னிரண்டு வருஷமாக இந்த ஒன்பது பேரும் என் ஷெட்டில் நின்றுகொண்டு அதன் ருசியைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்றிருக்கிறார்கள்.

காலையில் இறக்கை மேல் மெல்லிய உறைபனி படிந்திருந்தது. அதோடு கிளம்பக்கூடாது. விமானத்தை வெயிலுக்குத் திருப்பி வைத்து, உருகிச் சொட்டி முடிக்கும்வரை காத்திருந்தேன். பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பிறகு என் வழக்கமான காரியம் ஒன்று. ஒரு மெக்கானிக்கின் வேலையை இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பார்கள். தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது. இங்கே இன்னொருவர் இல்லை. அதனால் ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்து முடித்ததும் வெளியே போய்விடுவேன். கையைக் கழுவி, காப்பி குடித்து, கோட்டை மாட்டிக்கொண்டு, வேறு ஊரிலிருந்து வந்தவள்போல உள்ளே நுழைவேன். இந்த நட்டை முறுக்கியது யார், கம்பி ஏன் இப்படிப் போகிறது என்று அந்த இன்னொருத்தி கேட்பாள். அவள் கொஞ்சம் கறாரானவள். அன்று எந்தக் குறையும் சொல்லவில்லை.

அவளுடைய எண்ணைக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

பதினொன்றே காலுக்குக் கிளம்பினேன். ஒன்று பத்துக்குச் சேருவதாகக் கணக்கு. அரை மணி நேரம் ஆற்றைப் பிடித்துக்கொண்டே போனேன். கீழே பிர்ச் மரங்கள் மஞ்சளாகி, காற்றடித்த பக்கமெல்லாம் மொட்டையாக நின்றன. ஒரு கடமான் குட்டைத் தண்ணீரில் முழங்கால் அளவு நின்று நிமிர்ந்து பார்த்தது. யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. பக்கத்து இருக்கையில் கருவிப்பெட்டி இருந்தது.

கணவாயில் மேகம் இறங்கிவிட்டது. சொன்ன வானிலையில் அது இல்லை. இரண்டு பக்கமும் மலை, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கதவு மெல்ல மூடிக்கொண்டிருந்தது. திரும்ப இடம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்; இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்று போனவர்களின் விமானத் துண்டுகள் என் ஷெட்டின் பின்னால் கிடக்கின்றன. திரும்பினேன். வந்த வழியிலும் மழை இறங்கியிருந்தது. கீழே ஆற்றின் வளைவில் நீளமான கூழாங்கல் திட்டு ஒன்று தெரிந்தது. ஒருமுறை தாழப் பறந்து, கட்டையோ குழியோ இருக்கிறதா என்று பார்த்தேன். மறுமுறை சக்கரத்தை மட்டும் தரையில் உரசிப் பார்த்து எழும்பினேன். மூன்றாம் முறை இறங்கினேன்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுத்தேன். வெள்ளத்தில் வந்து ஒதுங்கிய ஒரு முழு மரத்தோடு இறக்கையைக் கட்டினேன். ரேடியோவில் டெல்பர்ட்டைக் கூப்பிட்டேன். மலைச்சுவர்களைத் தாண்டி என் குரல் போகவில்லை.

மழை பெய்தது. இறக்கைக்கடியில் உட்கார்ந்து, புகைபோட்ட சால்மன் மீன் துண்டு ஒன்றை மென்றுகொண்டிருந்தேன். ஈர மணலில் கரடித் தடம் இருந்தது, பழையது. எனக்கு ஆபத்து இல்லை. பெட்ரோல் இருக்கிறது, தூங்கும் பை இருக்கிறது, விமானத்தில் ஒரு கீறல் இல்லை. மழை விட்டால் போய்விடலாம். நேரம் மட்டும் நகரவில்லை.

ஒன்று பத்து ஆனது. போர்ட் ஆல்டனில் யாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஒன்று நாற்பது. இப்போது என் ஷெட்டில் போன் அடிக்கும்.

அது எனக்குக் கேட்டது என்று சொன்னால் பொய். ஆனால் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு நான் எழுந்து நின்றிருந்தேன். எழுந்த பிறகுதான் ஏன் எழுந்தேன் என்று தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அந்த எண்ணுக்கு வந்த போனை நான் எடுக்காமல் விட்டதில்லை. இப்போது அது என் கறுப்பு எண்ணெய்க் கைத்தடங்களோடு சுவரில் தொங்கி அடித்துக்கொண்டிருக்கும். பத்து முறை. டெல்பர்ட் வைத்துவிடுவார். கால் மணி நேரம் கழித்து மறுபடி பத்து முறை. எடுத்து, ஜன்னல் வழியே பார்த்து, “ஆமா, அவ இன்னும் வரல,” என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது. நான் வரவில்லை என்பது டெல்பர்ட்டின் தாளில் மட்டும் இருந்தது.

நாலரைக்கு மழை விட்டது. கல்லை எடுத்து, கயிற்றை அவிழ்த்து, ஆற்றை எதிர்த்துக் கிளம்பினேன். போதுமான உயரம் வந்ததும் ரேடியோவில் கூப்பிட்டேன்.

“எங்க இருக்கீங்க?” டெல்பர்ட்டின் குரல் எப்போதும்போல நிதானமாகத்தான் இருந்தது. ஆனால் பேரையும் கேட்கவில்லை, விமானத்தின் எண்ணையும் கேட்கவில்லை.

“வீட்டுக்கு வந்துக்கிட்டிருக்கேன். கணவாய் மூடிடுச்சு, ஆத்துத் திட்டுல இறங்கி உக்காந்திருந்தேன். ஒண்ணும் ஆகல.”

“மீட்புக்காரங்களுக்குச் சொல்லியாச்சு. அவங்களும் மழை விடக் காத்துக்கிட்டிருந்தாங்க. வேண்டாம்னு சொல்லிடறேன்.” தாள் புரளும் சத்தம் கேட்டது. “உங்க நம்பருக்கு ஒன்பது தடவ அடிச்சேன்.”

“தெரியும்.”

“எடுக்க மாட்டீங்கன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் தாள்ல அந்தக் கட்டத்துல எழுதியிருக்கே, அடிக்காம இருக்க முடியல. அடுத்த தடவ வேற நம்பர் குடுங்க, வெர்னா. யாரோடதா இருந்தாலும் சரி.”

இறங்கும்போது ஷெட் வாசலில் ஹால்வர் நின்றுகொண்டிருந்தான். மீன்பிடிப் படகு வைத்திருப்பவன். ஒன்பது பேரில் குளிர்காலத்திலும் ஊரை விட்டுப் போகாதவன் அவன் ஒருவன். மற்ற எட்டுப் பேரும் ஆளுக்கொரு திசையில் வேட்டைக்காரர்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு திரிபவர்கள். நான் இன்ஜினை நிறுத்தியதும் அவன் வந்து, கேட்காமலே வாலைப் பிடித்துத் தள்ளினான்.

“மெக்கானிக்கம்மா, உன் கடையத் தொறந்து போட்டுட்டு எங்க போன? மதியத்துலேருந்து நிக்கறேன். என் வண்டி ஆயில் கக்குது.”

“போர்ட் ஆல்டன் போலாம்னு கிளம்பினேன்.”

“சூப்பு எப்படி இருந்துது?”

“பாதியில திரும்பிட்டேன்.”

“நாங்க சொன்ன ருசியே உனக்குப் போதும் போல.” அவன் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு நிமிர்ந்தான். “உன் போனு வேற, உயிர வாங்கிடுச்சு. விட்டு விட்டு அடிச்சுக்கிட்டே இருந்துது. நம்மள்ல எவனோ வரலன்னு நெனச்சேன். வெளிய வந்து எண்ணினேன். மழைன்னு எல்லாரும் இன்னிக்குத் தரையிலதான். ஒன்பதும் கட்டினபடியே நின்னுது. ரெண்டாந்தடவையும் எண்ணினேன். சரி, ராங் நம்பர்னு விட்டுட்டேன்.”

“பத்து, ஹால்வர்.”

“என்ன பத்து?”

“இப்ப பத்து பிளேன்.”

அவன் என் விமானத்தைப் பார்த்தான். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. சக்கரத்தில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது.

“அது எப்பவும் உள்ளதான இருக்கும்,” என்றான் மெதுவாக. “உள்ள திரும்பிப் பாக்கத் தோணல.”

“போனை எடுத்திருக்கலாமே.”

கேட்டிருக்கக்கூடாது. ஹால்வர் வீட்டில் போன் உண்டு. அது அடித்தால் எடுக்க மாட்டான் என்பது ஊருக்கே தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் எடுத்தான். அவனுடைய தம்பி வடக்கே ஓர் ஏரியிலிருந்து கிளம்பி, வந்து சேராமல் போன நாள் அது. டெல்பர்ட் எனக்குச் சொன்னார்; நான் ஹால்வருக்குச் சொன்னேன்.

“என்னால முடியாதுன்னு உனக்குத் தெரியும்ல,” என்றான்.

“தெரியும்.”

“போனுக்கு முன்னாலயேதான் நின்னேன். கை வரல.”

அவனுடைய விமானத்திடம் போனோம். மூக்கு மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தேன். ஆயில் குழாய் சேருமிடத்தில் கசிவு. வயசான ஒரு வளையம், பத்து நிமிஷ வேலை. அவன் விளக்கைப் பிடித்துக்கொண்டான். புது வளையத்தைப் போட்டு இறுக்கினேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, விளக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

“நாளைக்குக் காலையில மறுபடி கிளம்பறேன்,” என்றேன் குழாயைப் பார்த்தபடியே. “டெல்பர்ட் நம்பர் கேப்பாரு.”

நான் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினேன்.

“நீ தேடிப் போக வேண்டாம். யாருக்கும் சொல்ல வேண்டாம். மணியடிச்சா எடுத்து, ‘ஆமா, அவ இன்னும் வரல’ன்னு மட்டும் சொல்லணும். உன் நம்பரைக் குடுக்கட்டுமா, ஹால்வர்?”