பிரசவ வார்டில் ஒரு வார்த்தை

ஆறு வருஷம் கியூபாவில் டாக்டருக்குப் படித்துவிட்டு எங்கள் தீவான தராவாவுக்குத் திரும்பிய அக்கினேசிக்கு எல்லாம் கூடவே வந்தது, நாக்கு மட்டும் வரவில்லை. அது இன்னும் ஹவானாவிலேயே இருந்தது. கை வேலை படு சுத்தம், குறை சொல்ல ஆளில்லை. ஆனால் கொஞ்சம் பதறினால் போதும், ஸ்பானிஷ் கொட்டும். ஒருநாள் பஞ்சு கேட்பதற்கு "அல்கொதோன்" என்று கத்தினாள். நர்ஸ் உரியாம் வராந்தாவுக்குப் போய் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டு வந்தான்.

"அப்படி யாரும் இல்ல டாக்டர். காத்திருந்து பாத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாரு போல," என்றான். வார்டே சிரித்தது.

டாக்டர் கைதீரா சிரிக்கவில்லை. பிரசவப் பிரிவுக்குத் தலைவி அந்த அம்மாள்தான். அங்கே மேற்பயிற்சிக்கு இருந்தது ஒரே இடம். அக்கினேசி கடல் தாண்டிப் போய்ப் படித்ததே அந்த இடத்துக்காகத்தான்.

"இங்க பாரு. வலியில துடிக்கிறவ உன் பேச்சு புரியாம முழிச்சா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. இன்னொரு தடவை ஸ்பானிஷ் என் காதுல விழுந்துச்சு, அந்த இடத்தை மறந்துடு."

அதிலிருந்து அக்கினேசி வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள். கத்தரிக்கோல் கேட்கக்கூட மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள்.

அந்த வாரமே தோரேகா வந்தாள், தலைப்பிரசவம். குழந்தையின் தலை தெரிகிற நேரத்தில் அவளுக்குத் தெம்பு போய்விட்டது. "என்னால முடியாது, என்னை விட்டுடுங்க," என்று அழுதாள். கைதீரா பக்கத்திலேயே நின்றார். அக்கினேசிக்குத் தாய்மொழியில் ஒரு சொல்கூட அகப்படவில்லை. ஆமாம், முடியும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஸி, ஸி, ஸி."

தோரேகா அவள் கையை இறுகப் பிடித்து, பல்லைக் கடித்து முக்கினாள். பெண் குழந்தை. அது போட்ட கூச்சலில் எல்லோருக்கும் உயிர் வந்தது.

கைதீரா கையுறையைக் கழற்றியபடி, "மறுபடியும் ஸ்பானிஷா?" என்றார். இடம் போச்சு என்றே அக்கினேசி நினைத்தாள்.

"என்ன ஸ்பானிஷ்?" என்றாள் தோரேகா கட்டிலிலிருந்து. "நீங்க எல்லாரும் 'முக்கு, முக்கு'ன்னு என்னையே விரட்டுனீங்க. இவ ஒருத்திதான் 'நாம, நாம'ன்னா. சரி, நான் தனியா இல்லன்னு அப்பதான் தெம்பு வந்துச்சு."

உரியாம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. ஸ்பானிஷ்காரனுக்கு 'ஸி' என்றால் ஆமாம். எங்கள் பேச்சில் 'ஸி' என்றால் நாம். இரண்டும் தெரிந்த அக்கினேசிக்கே இது அதுவரை உறைத்ததில்லை.

அவளுக்குப் பொய் வராது. "இல்ல டாக்டர், நான் ஆமான்னுதான்..."

"வாயை மூடு. புள்ளைய அம்மாகிட்ட கொடு," என்றார் கைதீரா. உதடு லேசாகக் கோணியது. "திங்கக்கிழமையிலேருந்து தினம் காலைல இந்த வார்டைச் சுத்தி வரணும்."

"யாரு டாக்டர்?"

"ஸி," என்றார் கைதீரா.