முதல்ல உங்க பேரு

கண்ணில் படுகிறவர்களையெல்லாம் சந்தேகப்படுவது அவள் வழக்கமில்லை. அந்த வீட்டில் அது அம்மாவின் இலாகா. இவளுக்கு வேலை கிடைத்த அன்றே அம்மா ஆரம்பித்துவிட்டாள். "எவனோ வெளிநாட்டுக்காரன் இங்க தண்ணி குடுக்கறதுக்கு உனக்கு எதுக்குடி சம்பளம் குடுக்கறான்? இதுல ஏதோ இருக்கு."

"இதுக்குன்னே ரெண்டு வருஷம் படிச்சிருக்கேம்மா. சர்வதேச வளர்ச்சி."

"வளர்ச்சிய நம்ம வீட்லேருந்து ஆரம்பி," என்றான் அண்ணன். "ஃபேன் ஓடல."

அண்ணன் வேலை தேடுவதையே வேலையாக வைத்திருந்தான். அப்பா ஓய்வு பெற்று, எந்நேரமும் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். ஆகவே குடும்பம் இனி அவள் தலையில். பயிற்சிக் காலம் முடிந்ததும் மேலாளர் ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் மறுபடி அண்ணனுக்குத் துணையாக உட்கார வேண்டியதுதான்.

வெள்ளத்தில் வீடு போனவர்கள் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த முகாமுக்கு, லாரியில் குடிதண்ணீர் அனுப்புவதுதான் அந்தத் தொண்டு நிறுவனத்தின் வேலை. குறையிருந்தால் சொல்ல ஒரு போன் நம்பர் கொடுத்திருந்தார்கள். அந்தப் போனை எடுக்கிற பொறுப்பை, ஆபீசில் 'புதுசு' என்று கூப்பிடப்பட்ட இவள் தலையில் கட்டினார்கள். முதலில் பெயர், அடுத்து கூடார எண், அதற்கப்புறம்தான் விஷயம் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வரிசை. அவள் குரலில் தேன் தடவிக்கொண்டு கேட்பாள்.

முதல் வாரமே ஒரு பெண் பெயரும் எண்ணும் சொல்லி, லாரி பாதி காலியாக வருகிறது, கடைசியில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் எட்டுவதில்லை என்றாள். முதல் புகார் வந்த பெருமையில் புதுசுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் மேலாளரிடம் ஒப்பித்தாள்.

"வெரி குட். நான் பாத்துக்கறேன்," என்றார் அவர்.

அதற்குப் பிறகு போன் அடிக்கும், இவள் எடுப்பாள், "வணக்கம், முதல்ல உங்க பேரு?" என்பாள், உடனே எதிர்முனையில் வைத்துவிடுவார்கள். பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்தபோது, "ஒரு புகார்கூட இல்ல" என்று மேலாளர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். அங்கேதான் அவளுக்கு உறுத்தியது. நாலு பேர் இருக்கிற தன் வீட்டிலேயே பல் விளக்குமுன் பத்துப் புகார் கிளம்பும். அத்தனை பெரிய முகாமில் ஒருவருக்கும் குறையில்லையா?

அன்றிலிருந்து எல்லாவற்றிலும் ஏதோ இருந்தது. டீ கொண்டுவருபவர் அவள் மேஜையருகே நின்றால், ஏன் நிற்கிறார்? மேலாளர் அறைக்கதவு எப்போதும் ஏன் திறந்தே இருக்கிறது? அம்மாவின் ரத்தம் லேசில் விடுமா.

முகாமுக்குப் போகிற ஜீப்பில் தானும் தொற்றிக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டியருகே நின்ற பெண்களுக்கு அவள் வணக்கம் சொன்னதும், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

"நீதான் போன்ல பேரு கேக்கறவளா?" என்றாள் பச்சை வாளி வைத்திருந்த அம்மாள்.

"ஆமாங்க. ஏன் எல்லாரும் வெச்சிடறீங்க?"

"ஒருத்தி பேரு சொன்னாளே, பத்தாதா? அவ இருக்கற வரிசையில இப்பல்லாம் லாரி நிக்கறதே இல்ல. டிரைவர் அவ பேரச் சொல்லித் திட்டிட்டுப் போறான். அவ பேரு அவனுக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பெயரை இவள் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். லாரிகளுக்குச் சொந்தக்காரர் மேலாளரின் மைத்துனர் என்பதும் ஆபீசில் ஊரறிந்த ரகசியம். ஒரு வரிசை முழுக்கத் தண்ணீர் நின்றது தன் வாயால் என்று நினைக்க அவமானமாக இருந்தது.

வீட்டில் சொன்னாள். எல்லாவற்றிலும் ஏதோ இருக்கிறது என்ற அம்மா, உண்மையாகவே இருக்கிறது என்றதும் பின்வாங்கினாள். "நமக்கெதுக்குடி வம்பு? முதல்ல வேல நிரந்தரமாகட்டும்."

மறுநாள் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு, ஊழியர்கள் குறை சொல்வதற்கென்று தலைமை அலுவலகத்தில் இருந்த நம்பரைக் கூப்பிட்டாள்.

"வணக்கம்," என்றது ஒரு தேன் குரல். "முதல்ல உங்க பேரு?"

இந்தக் குரல் யார்? யாருக்கு வேண்டப்பட்டவள்? சொன்னால் பெயர் எங்கே போகும்? யோசிப்பதற்குள் விரல் போனை வைத்துவிட்டது.

வைத்த பிறகுதான் தான் செய்தது உறைத்தது. சிரிப்பும் வந்தது, தன் மேலேயே எரிச்சலும் வந்தது. மேஜைக்குத் திரும்பினால் அங்கே போன் அடித்துக்கொண்டிருந்தது.

"வணக்கம். விஷயத்தச் சொல்லுங்க," என்றாள்.

மறுமுனை உஷாரானது. "ஏன் பேரு கேக்கல? ஏற்கெனவே தெரியுமா?" பச்சை வாளி அம்மாள்தான்.

"தெரியாதுங்க. தெரியவும் வேண்டாம். நீங்க சொல்றத இங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். தலைமை ஆபீசுக்கு என் பேர்ல நானே சொல்றேன்."

"உன் பேர்லயா? அப்ப நீ சொல்லு உன் பேர."

சொன்னாள்.

"அப்பா பேரு? வீடு எங்க?"

தாழ்ந்த குரலில் அதையும் சொன்னாள்.

"எதுக்கு முணுமுணுக்கற? இங்க நாலு பேர் நிக்கறோம், எல்லாருக்கும் கேக்கணும். சத்தமாச் சொல்லு."

மேலாளர் அறைக்கதவு வழக்கம்போல் திறந்திருந்தது. உள்ளே அவர் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. மெல்லச் சொன்னால் கையெழுத்து பிழைக்கும். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்று, தன் பெயரையும் அப்பா பெயரையும் தெருவையும் கதவு எண்ணையும், தலைமை அலுவலகத்தில் என்ன சொல்லப்போகிறாள் என்பதையும் சேர்த்து, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

"ம், கேட்டுச்சு," என்றாள் அந்த அம்மாள். "இப்ப என் பேர எழுதிக்கோ."