பாத்துக்கிறேன்

எங்கள் வீட்டில் எனக்கு ‘ஆராய்ச்சி’ என்று பெயர். வைத்தது என் மனைவி. துடைப்பம் வாங்கப் போனால்கூட நாலு துடைப்பத்தால் கடைத் தரையைப் பெருக்கிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற ஆள் நான். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. பதறாத காரியம் சிதறாது என்பேன். “சிதறாதுதான். நடக்கவும் நடக்காது” என்பாள் அவள்.

இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து மாமனார் எங்களோடு இருக்க வந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். இப்போது நாலு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, “ஃபர்ஸ்ட் கியரிலேயே போயிட்டிருக்கேன் மாப்பிள்ளை” என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார். அவருடைய அறைக்கும் குளியலறைக்கும் பத்தடிதான். ஆனால் அறை வாசலில், கதவு நிலையின் அடியில், இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு மரப்படி இருந்தது. ஒவ்வொரு தடவையும் வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, பிறகு காலைத் தூக்கி வைக்க வேண்டும்.

“ஆசாரியை வரச் சொல்லட்டுமா?” என்று அவர் வந்த அன்றைக்கே மனைவி கேட்டாள்.

“ஒரு படியை அறுக்க ஆசாரியா? நான் பாத்துக்கிறேன்.”

மர வேலை என்றால் வீட்டில் நான்தான். செருப்பு அலமாரி நான் செய்தது. சமையலறைச் சுவர்த் தட்டும் நான் செய்தது; அதில் வைக்கிற எலுமிச்சம்பழம் உருண்டு ஓடிவிடும் என்பது வேறு விஷயம். இந்தப் படியை நிலையை ஒட்டி, தரை வரைக்கும் அறுக்க வேண்டும். கைரம்பம் அங்கே நுழையாது. அதற்கென்றே மல்டி டூல் என்று ஒரு மெஷின் இருக்கிறது. அதன் பிளேடு சுற்றாது. வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுகிற மாதிரி இடமும் வலமும் படுவேகமாக நடுங்கும். எந்த மூலையிலும் நுழைந்து வெட்டும்.

சரி, எந்த மல்டி டூல்? அங்கேதான் எனக்குப் பிடித்த வேலை ஆரம்பித்தது. வயர் வைத்ததா, பேட்டரியா? பிளேடு மூன்று டிகிரி ஆடினால் போதுமா, ஐந்து வேண்டுமா? பிளேடு மாற்றச் சாவி வேண்டுமா, நெம்பினாலே கழன்று வருமா? ராத்திரி பகல் பார்க்காமல் வீடியோ பார்த்தேன். மாமனாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். “அந்தச் சிவப்பு மெஷின் நல்லா இருக்கே” என்றார். “அது கை நடுங்க வைக்கும் மாமா, நீளமான வேலைக்கு ஆகாது” என்று விளக்கினேன். என் வேலை இரண்டே இரண்டு வெட்டு. அவர் அதைச் சொல்லவில்லை. தலையாட்டிக்கொண்டார்.

மனைவி கேட்கும்போதெல்லாம் “பாத்துக்கிறேன்” என்றேன். பத்தொன்பது நாள்.

பத்தொன்பதாம் நாள் காலை, மூன்றாவது முறையாகக் கடைக்குப் போனேன். வலது கையில் ஒரு மெஷின், இடது கையில் ஒரு மெஷின். எடை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன வேலைக்கு சார்?” என்றார் கடைக்கார அம்மா.

“ஒரு படியை எடுக்கணும்.”

“ஒரே ஒரு படியா? எங்ககிட்ட வாடகைக்கே ஒண்ணு இருக்கு. இப்ப எடுத்துட்டுப் போனா மத்தியானம் திருப்பிக் கொடுத்துரலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை ஆராய்ச்சி செய்தவனைப் பார்த்து வாடகைக்கு எடு என்கிறாரே! “நான் பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன். அப்போது போன் அடித்தது.

“அப்பா விழுந்துட்டார். வாங்க” என்றாள் மனைவி.

வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. இடுப்பு தப்பியது. கட்டுப் போட்ட டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். என் கண் தானாகத் தரைக்குப் போனது.

“செருப்பு வழுக்கிருச்சு டாக்டர்” என்றார் மாமனார். “புதுச் செருப்பு. என் தப்புதான்.”

வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன். செருப்பு கட்டிலுக்கு அடியில், கழற்றிவைத்த இடத்திலேயே, ஜோடியாக இருந்தது.

அவர் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு வாய் உண்டு. என் மானத்தைக் காப்பாற்ற, உடைந்த கையோடு அந்த மனிதர் பொய் சொல்லியிருக்கிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வாடகை மெஷினை எடுத்துக் கொடுத்தார். வந்து, இரண்டு ஓரத்திலும் நிலையை ஒட்டி அறுத்தேன். நெம்பியதும் படி கையோடு வந்துவிட்டது. பதினோரு நிமிடம். படியின் மேல் விளிம்பு முழுக்கக் கறுப்புக் கறுப்பாக ரப்பர் தேய்ந்த கோடுகள். வாக்கரின் கால் இடித்து இடித்து விழுந்தவை. அதை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மனைவி வந்து நின்றாள்.

“அது செருப்பு இல்ல” என்றேன். “செருப்பு கட்டிலுக்கு அடியில இருந்துச்சு.”

“தெரியும். தூக்கினது நான்தானே? வெறுங்காலோடதான் கிடந்தார்.” குரலை உயர்த்தவே இல்லை. “பாத்துக்கிறேன் பாத்துக்கிறேன்னு சொன்னீங்க. பாத்துக்கிட்டேதான் இருந்தீங்க.”

உள்ளேயிருந்து மாமனார் கூப்பிட்டார். குளியலறைக்குப் போக வேண்டுமாம்.

வாக்கர் சுவரோரம் நின்றது. அதைப் பிடிக்க இனி ஆறு வாரத்துக்கு அவருக்குக் கை இல்லை. வழியைச் சமமாக்கிவிட்டேன், அதில் தானாக நடக்கத்தான் அவரால் முடியாது. அவருடைய இடது கையை என் தோளில் போட்டு, இடுப்பை அணைத்துப் பிடித்து, மெல்ல நடத்தினேன்.

“மன்னிச்சிருங்க மாமா” என்றேன். “எல்லாம் என்னாலதான்.”

“விடுங்க மாப்பிள்ளை” என்றார். நாலு அடி போனதும், “கடைசியில எந்த மெஷின் எடுத்தீங்க? சிவப்பா?” என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. கையில் பிடித்து வேலை செய்த மெஷினின் நிறம்கூட நினைவில் இல்லை.

“பாக்கல மாமா” என்றேன்.

வாசல் வந்தது. அவர் நின்று, என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, படி இல்லாத இடத்தில் காலை உயரத் தூக்கி வைத்தார்.