தர்மலிங்கத்தின் பேக்பைப்

தர்மலிங்கம் இறந்து பதினோராவது வாரம் அவர் மனைவி மாதங்கி அவருடைய பேக்பைப்பை ஏலத்துக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுக்கு மனதில் எதுவும் தோன்றவில்லை. மரணச் சான்றிதழ் வாங்கியதும், அவருடைய உடுப்புகளைப் பைகளில் கட்டியதும் எப்படி நடந்தனவோ அப்படியே இதுவும் நடந்தது.

மலேசியாவின் ஈப்போவில், பள்ளிக்கூட பேண்ட் வாத்தியக் குழுவில், பையில் காற்றை நிரப்பி ஊதும் ஸ்காட்லாந்துக் குழல் வாத்தியமான பேக்பைப் பழகியவர் அவர். படிக்க லண்டன் வந்து, பொறியியலாளராகி, யாழ்ப்பாணத்துப் பெண்ணான மாதங்கியைக் கட்டி, கிழக்கு லண்டனில் குட்மேய்ஸில் வீடு வாங்கிய பிறகும் அதை விடவில்லை. லண்டனில் இருக்கும் ஸ்காட்லாந்துக்காரர்களின் சிறிய அறக்கட்டளை ஒன்று, வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு பேக்பைப்பும் அதைச் சொல்லிக்கொடுக்க ஆட்களும் அனுப்புவதற்காக ஒவ்வொரு நவம்பரும் மதிய விருந்து வைத்து, ஏலமும் நடத்தி நிதி திரட்டும். இருபத்திரண்டு வருடங்களாக அந்த விருந்தை வாசித்துத் தொடங்கி வைத்தவர் தர்மலிங்கம்தான். ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கில்ட் பாவாடை கட்டிய கறுத்த மனிதரைப் பார்த்து முதல் வருடம் வாய் பிளந்தவர்கள், பிறகு அவர் வராவிட்டால் விருந்தே இல்லை என்றார்கள்.

இந்த வருடம் மகள் ஜதுர்ஷிகாதான் அம்மாவைக் கூட்டிப்போனாள். ஹோல்போர்ன் பக்கம் ஒரு தேவாலய மண்டபம். எல்லோரும் மாதங்கியின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொன்னார்கள். அவள் எல்லோருக்கும் தலையாட்டினாள்.

ஏலத்துக்கு முன்னால் ஸ்டுவர்ட் தர்மலிங்கத்தின் பேக்பைப்பை ஒருமுறை வாசிப்பார் என்று செயலாளர் ஃபியோனா அறிவித்தாள். ஸ்டுவர்ட் நல்ல வாசிப்புக்காரர். மூச்சை இழுத்து ஊதினார். முகம் சிவந்ததே தவிர, உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. தோளில் சாய்ந்திருந்த மூன்று குழல்களும் ஆடின. ஒன்று கழன்று தரையில் விழுந்தது. யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள்.

மாதங்கி எழுந்து அவரிடம் போனாள்.

"நூல் காய்ந்துவிட்டது. இங்கே தாருங்கள்."

குழல்களின் பொருத்துகளில் மெழுகு நூல் சுற்றியிருக்கும். மூச்சின் ஈரம் படாமல் கிடந்தால் அது சுருங்கிப் பொருத்து தளர்ந்துவிடும். கடைசி ஆறு வருடங்கள் தர்மலிங்கத்தின் விரல் மூட்டுகள் வீங்கியிருந்ததால் நூல் சுற்றியது அவள்தான். பெட்டியின் மூலையிலிருந்து நூற்கண்டை எடுத்து, ஒவ்வொரு பொருத்தாகக் கழற்றி, சுற்றி, திருகிப் பார்த்து, மறுபடி சுற்றினாள். வெங்காயம் உரிக்கும்போது எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அவளுக்கு. வெங்காயம் என்றால் கண்ணாவது எரிந்திருக்கும்.

ஸ்டுவர்ட் வாசித்தார். முன்வரிசைக் கிழவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஜதுர்ஷிகா விம்மினாள். மேசைவிரிப்பை யாரோ மடிப்புக் கலையாமல் போட்டிருப்பதை மாதங்கி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏலத்தில் கேமரன் என்ற ஹோட்டல் முதலாளி வென்றார். நேரே வந்து அவள் கையைக் குலுக்கினார்.

"என் அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டி செய்து வைக்கப்போகிறேன். உங்கள் கணவர் பெயரும் அதில் இருக்கும்."

"நீங்கள் வாசிப்பீர்களா?"

"நானா? எனக்கு விசிலே அடிக்க வராது."

"அப்படியென்றால் தர முடியாது," என்றாள் மாதங்கி.

ஃபியோனாவின் முகம் வெளிறியது. "மாதங்கி, ஏலம் முடிந்துவிட்டதே."

"தெரியும். பெட்டிக்குள் வைத்தால் நூல் மறுபடி காயும். ஒருநாள் யாராவது எடுத்து ஊதுவார்கள், வெறும் காற்று வரும். இன்றைக்கு ஒருதரம் அதைக் கேட்டுவிட்டேன். போதும்."

அவள் குரல் உயரவில்லை. கேமரனின் காது மடல்கள் சிவந்தன. பேக்பைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

"நான் கொடுத்த பணம் அறக்கட்டளைக்கு. அது அவர்களிடமே இருக்கட்டும். இதை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்."

"வீட்டுக்கும் வேண்டாம். வாசிக்கிற யாருக்காவது அனுப்புங்கள்."

பேக்பைப் கேட்டிருந்த பள்ளிக்கூடங்களின் பட்டியலை ஃபியோனா திறந்தாள். முதலில் இருந்தது அர்ஜென்டினாவில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். மாதங்கி சரியென்றாள். நூற்கண்டையும் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

எலிசபெத் லைன் ரயிலில் வீடு திரும்பும்போது ஜதுர்ஷிகா கேட்டாள்: "அம்மா, ஈப்போவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாமே? அப்பாவின்ர ஸ்கூல்."

"அங்க இப்ப ஆருக்கு அவரைத் தெரியும்? ஊதினாச் சரி."

"உங்களுக்கு அழுகை வரேல்லையா?"

"வரேல்லை பிள்ளை. வருமெண்டுதான் நானும் பாத்துக்கொண்டிருக்கிறன்."

இல்ஃபர்ட் நிலையம் வந்தது; குட்மேய்ஸுக்கு இன்னும் இரண்டு நிறுத்தம். மாதங்கி கோட்டுப் பொத்தான்களைப் போடத் தொடங்கினாள்.

"நாளைக்கு எந்தக் குப்பை பின் வெளியில வைக்கிறது?"

"அது அப்பாதானே..." என்று தொடங்கிய ஜதுர்ஷிகா நிறுத்தினாள். "தெரியேல்ல அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் எதை வைச்சிருக்கினமெண்டு பாப்பம்."

"ஓம்," என்றாள் மாதங்கி. "பாப்பம்."