நீலம் படியாத காளான்

மூடியில் அடுப்புச் சூடு பட்டு நெளிந்திருந்த இடத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தம்பிக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்த டப்பா. இப்போது அதன்மேல் போலீஸ் முத்திரை. உள்ளே, காட்டில் பறித்த ஈரக் காளான்கள்.

நேரே தடய ஆய்வகத் தலைவரிடம் போய்ச் சொன்னாள்.

"நீ இதைத் தொடாதேம்மா. வெளியே யாருக்கும் தெரியவும் வேண்டாம்," என்றவர், டப்பாவைப் புதிதாகச் சேர்ந்தவளிடம் கொடுத்தார்.

இந்தக் காளானில் போதை தருபவை சைலோசைபினும், அது சிதைந்து உண்டாகும் சைலோசினும். கசங்கிய இடத்தில் சைலோசின் காற்றுப் பட்டு நீலமாகிக் கெடும். ஈரத்தோடு உறையவைத்தாலும் பெரும்பகுதி வீணாகிவிடும். சோதனையில் இவற்றின் அளவு குறைந்தால் தம்பி அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்கு வருவான். கூடினால் விற்கத்தான் வைத்திருந்தான் என்று சிறை.

"அக்கா, சொதசொதன்னு இருக்கு. அப்படியே ஃப்ரீசர்ல தள்ளிடட்டுமா?" புதியவள் கதவருகே நின்றாள். "எங்க வீட்டுக்காரர் வாசல்ல ஹாரன் அடிச்சே ஊரைக் கூட்டிடுவார்."

தள்ளிடு. ஒரே சொல். அவள் சொன்னால் போதும். புதியவளையே வெறித்துப் பார்த்தாள்.

"ஐயோ, முறைக்காதீங்கக்கா! உடனே இருட்டுல வச்சு மெல்லக் காய வைக்கணும். நீங்க எழுதி ஒட்டினதுதானே சுவர்ல இருக்கு. அவர் நிக்கட்டும், கால் ஒண்ணும் தேஞ்சிடாது."

சுவரில் எழுதி ஒட்டியவளும், இருட்டில் காயவைக்க உலர்பெட்டி வேண்டுமென்று தலைவரோடு மல்லுக்கு நின்றவளும் அவள்தான்.

மறுநாள் அம்மா போனில் அழுதாள். "உன் ஆபீஸ்லதானேடி இருக்கு? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"என் கையில இல்லம்மா."

"கூடப்பிறந்தவ கையில இல்லேன்னா வேற யார் கையிலடி?"

அம்மா இணைப்பைத் துண்டித்தாள்.

"அக்கா, வந்து பாருங்களேன்!" காளான் காய்ந்து சோதித்த அன்று புதியவள் கூப்பிட்டாள்.

சோதனைக் கருவியின் திரையில் போதைப்பொருளின் அளவைக் காட்டும் கோடு ஊசியாக எழும்பி நின்றது.

"துளி வீணாகலை. உங்க முறை உங்க முறைதான்!"

தட்டில், சோதித்தது போக மிஞ்சிய காளான்கள் குடை கிழியாமல் உலர்ந்து கிடந்தன. எதிலும் நீலம் ஏறவில்லை. ஒன்றின் தண்டில் மட்டும், பறித்தபோது தம்பியின் விரல் பட்ட இடத்தில், மெல்லிய ஒரு கறை. அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடையிலிருந்து அவன் வாங்கிவரும் முட்டை ஒன்றுகூட உடைந்ததில்லை.

கொஞ்சம் கசக்கியிருக்கக்கூடாதாடா என்று நினைத்தாள்.