நாடு வலப்பக்கம் வந்த ஞாயிறு

விடுதலை கிடைத்ததிலிருந்து வந்த மாற்றமெல்லாம் பஸ் டிரைவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. பழைய கொடி இறங்கியபோது தொண்டை கட்டும்வரை கத்தினார். கடைசி கவர்னர் கப்பலேறிய அன்று தன் பஸ்ஸைத் தானே கழுவித் துடைத்தார். ஐந்தாம் வருடம்தான் அரசாங்கம் அவர் அடிமடியிலேயே கை வைத்தது. இடப்பக்கம் ஓட்டுவது வெள்ளைக்காரன் வைத்த பழக்கமாம்; அக்கம்பக்கத்து நாடெல்லாம் வலப்பக்கமாம்; ஆகவே வரும் ஞாயிறு காலை ஆறு மணி முதல் நாமும் வலப்பக்கம் என்று உத்தரவு. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தை ஒரே நாளில் கழற்றி வைக்க அதென்ன சட்டையா?

டெப்போ மைதானத்தில் வைத்த சோதனையில் இரண்டு முறை தோற்றார். நேர்ச்சாலையில் பிசகில்லை. திருப்பம் வந்தால் மட்டும் கை தன்பாட்டுக்கு இடப்பக்கம் ஒடித்துவிடும். மூன்றாவது சோதனை அந்த ஞாயிறன்றே, பயணிகளோடு, பக்கத்தில் டெப்போ மேனேஜர். அதிலும் தவறினால் ஸ்டியரிங்கை மறந்துவிட்டு பஸ் கழுவும் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

அவர் மனைவி சும்மா இருப்பாளா? கட்டிலில் அவரை இடம் மாற்றிப் படுக்க வைத்தாள். சமையலறை வாசலில் அவர் இடப்பக்கமாக வந்தால் முழங்கையால் ஒரு இடி. ஊரே பார்த்துச் சிரிக்கும்படி தெருவிலும் வலப்பக்கமாகவே நடத்திக் கூட்டிப் போனாள். ஆனால் பஸ்ஸில் மட்டும் ஏறாதே, கை நடுங்கும் என்று அவர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

ஞாயிறும் வந்தது. பஸ்ஸின் பழைய வாசலைத் தகரம் வைத்து அடைத்து, எதிர்ப்பக்கம் புதிதாக ஒன்று வெட்டியிருந்தார்கள். இரண்டாவது ஸ்டாப்பில் அதன் வழியாக ஏறியவள் அவர் மனைவிதான். மூன்றாவது சீட்டில் அந்நியர்போல் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் அவளைக் கண்டதும் அவருக்கு வியர்த்தது. மனசு என்னவோ லேசானது.

கடைவீதித் திருப்பத்தில் வலப்பக்கம் ஒட்டிச் சரியாகவே திரும்பினார். திரும்பியதும் சடாரென்று பிரேக் போட்டார். நேர் எதிரே, மூக்கோடு மூக்காக, கொடி கட்டிய மந்திரி கார். அதன் டிரைவருக்கும் பழைய கைதான் போலிருக்கிறது.

மேனேஜருக்கு உயிரே போய்விட்டது.

"மந்திரி வண்டிய்யா. இடது பக்கம் ஒதுங்கிப் போய்யா."

டிரைவரின் கால் பிரேக்கிலிருந்து அசையவில்லை. பயந்தார், நன்றாகவே பயந்தார். ஆனாலும் குரல் நிதானமாகத்தான் வந்தது.

"இடது பக்கம் போனதுக்குத்தானே சார் ரெண்டு தடவ ஃபெயில் போட்டீங்க?"

எதிரே காரின் பின்சீட்டு ஜன்னல் கண்ணாடி இறங்கியது. மந்திரி எட்டிப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், பிறகு தன் டிரைவரின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். கார் மெதுவாகப் பின்வாங்கி, எதிர்ப்பக்கம் மாறி, பஸ்ஸைக் கடந்து போனது.

மேனேஜர் சோதனைத் தாளை முழங்காலில் வைத்து, பேனா தாளைக் கிழிக்கிற வேகத்தில் 'தேர்ச்சி' என்று எழுதினார்.

டிரைவர் கியர் போட்டார். பின்னால், யாருமே கேட்காமல், பஸ் முழுக்கக் கேட்கும்படி அவர் மனைவி பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள்.

"ஓட்டுறது எங்க வீட்டுக்காரரு."