முதல் சிரட்டை

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள், விரித்த சாக்கின் மேல் ஐந்து தேங்காய்ச் சிரட்டைகள் வரிசையாக இருந்தன. மதுரைக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கென்று வந்த பெண் வைத்தவை. ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதாகத்தான் சொல்லியிருந்தாள். மழை வந்து தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே கூரைக்குள் தள்ளிவிட்டது.

"பொம்பளைங்க வேலைய ஒரு ஆம்பள செய்யிறாரு. அவர உங்க செட்டுல சேத்துக்குவீங்களா? சேக்கவே மாட்டேன்னா மொதச் சிரட்டையில ஒரு ஏலக்காயப் போடுங்க. தாராளமா சேப்பேன்னா கடைசியில. நடுவுல உள்ளது அவங்கவங்க மனசுப்படி. பொதுவாத்தான் கேக்குறேன், யாரையும் வச்சு இல்ல."

பொதுவாக என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, எல்லாக் கண்ணும் வீரணன் மேல் போய் உட்கார்ந்தது.

வைகாசியில் நிழல் மரத்துக் கிளை கழிக்க ஏறியவன் விழுந்தான். வலது தோள் அதன்பின் எழும்பவில்லை. அரிவாள் பிடிக்க முடியாதவனைக் கணக்குப்பிள்ளை காய் எடுக்கும் பெண்கள் நிரையில் விட்டார். செடித் தூரில் குந்தி, இடது கையால் காய் எடுக்கப் பழகிக்கொண்டான். வேலை அவனுக்குப் பாரமில்லை. ஆட்களை மலைக்கு ஏற்றி இறக்கும் ஜீப்புதான் பாரம். பெண்கள் உள்ளே உட்காருவார்கள். ஆண்கள் பின்படியில் நின்று கம்பியைப் பிடித்துத் தொங்கி வருவார்கள். தொங்க முடியாமல் அவன் உள்ளே உட்கார்ந்த நாளிலிருந்து ஒரு பீடி அவன் பக்கம் வரவில்லை. கஞ்சி குடிக்கிற பாறைக்கு அவன் போனால் பேச்சு அறுந்துவிடும். வைதாலாவது திருப்பி வையலாம். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்டாட்டியின் அண்ணன் மொக்கச்சாமிகூட முகம் கொடுப்பதில்லை. தையில் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது?

முதலில் சோலையம்மாள் எழுந்தாள். அவனுக்கு மதினி முறை.

"எங்க நிரையில ஒரு ஆம்பள இருந்தா நல்லதுதான் தாயி. பாம்பு வந்தா மொத அவுகளக் கொத்தட்டும்."

பெண்கள் சிரித்தார்கள். அவள் காயைக் கடைசிச் சிரட்டையில் பதனமாக வைத்தாள்.

மொக்கச்சாமி குனியக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்தே எறிந்தான். முதல் சிரட்டையில் டொக்கென்று விழுந்தது. பின்னால் வந்த ஆண்களும் அதிலேயே போட்டார்கள்.

"அண்ணே, நீங்க?" என்றாள் அந்தப் பெண். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

வீரணன் இடது கையால் ஒரு காயை எடுத்தான். கடைசியில் போட்டால் தனக்காகத் தானே கையேந்துகிற மாதிரி. நடுவில் போட்டாலும் அதேதான். மொக்கச்சாமி பற்ற வைக்காத பீடியோடு இவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வீரணன் முதல் சிரட்டையில் போட்டான்.

"யோசிச்சுத்தான போட்டீங்க?"

"ஆம்பளன்னா ஆம்பள சோலியத்தான் பாக்கணும் தாயி."

ஆண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். கேலிச் சிரிப்பில்லை. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். சோலையம்மாள் மடிப்பையின் முடிச்சை அவிழ்த்து, மறுபடியும் முடிந்தாள்.

மழை விட்டுச் சாயங்காலம் ஜீப்பு இறங்கத் தயாரானபோது, "மாப்ளே, இங்கிட்டு வா" என்றான் மொக்கச்சாமி. பின்படியில் ஓர் ஆள் நிற்க இடம் பிறந்திருந்தது. பாதி குடித்த பீடியை வீரணன் வாயிலேயே வைத்தான். "காதுகுத்து என்னைக்கு?"

"தை பொறந்துதான் மச்சான்."

"கெடாயா, வெறும் பருப்புச் சோறா?"

உள்ளேயிருந்து சோலையம்மாள் மெதுவாகக் கேட்டாள். "கொழுந்தனாரே, எடம் கெடக்கு. கையி தாங்குமா?"

"இருக்கட்டும் மதினி."

அவள் அவன் உட்காருகிற இடத்தில் தன் கூடையை வைத்தாள்.

கம்பி மழையில் நனைந்திருந்தது. வலது கை வெறுமனே ஆட, இடது கை மட்டும் பிடித்திருந்தது. முதல் வளைவில் உடம்பு வெளியே பள்ளத்தின் பக்கம் வீசித் திரும்பியது. மொக்கச்சாமி கிடாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான். வீரணன் பீடியைப் பல்லால் கடித்துக்கொண்டு ம் கொட்டினான். கீழே, அடிவாரத்துப் போடியில் ஒன்றிரண்டு விளக்கு எரிந்தது. உள்ளே, காலி இடத்தில் கூடை சறுக்கிச் சறுக்கிப் பலகையின் விளிம்புக்கு வந்திருந்தது. அடுத்த வளைவுக்கு ஜீப்பு ஹாரன் அடித்தது.